பெல்ட் இல்லாத மான்தலை

நீ குடித்திருக்கவில்லை. ஈரச் சாரத்தில் உன்னை ஏற்றிவிட்டவர்கள்தான் அப்படிச் சொல்லித் திரிகிறார்கள்.

நேற்று நம் ஃபிளெக்ஸ் கடை அலமாரியை ஒழித்தபோது அந்தத் துண்டு கையில் வந்தது. ஃபிளெக்ஸில் அச்சடித்த வளைந்த பெல்ட், முனையில் பக்கிள். மை வாசனை இன்னும் போகவில்லை. சாரத்திலிருந்து விழுந்து நீ செத்தபோது உன் கையில் இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணம். ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு வந்த மகன், அங்கே கடையில் வாங்கிய, தொப்பியில் குத்தும் வில்லை ஒன்றைக் காட்டி, இதுதான் இனி எங்கள் குடும்பச் சின்னம், வாசல் வளைவில் பெரிதாக வேண்டும் என்றான். நடுவில் மான்தலை, சுற்றிலும் பெல்ட். நான் வரைந்துகொண்டிருக்க, நீ போனில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாய்.

"மாப்ள, மான்தலை அங்க ஒரே ஒரு குலத்தலைவருக்குத்தான் சொந்தமாம். மத்தவன் போட்டா சுத்தி பெல்ட் இருக்கணும். நான் அவரோட ஆளுன்னு அர்த்தம்."

உன் தாத்தா அதே வீட்டில் பண்ணையாள். அதனால்தான் அவ்வளவு சிரித்தோம். அவனிடம் சொல்லிவிடு என்று தூண்டியவன் நான்.

வளைவை ஏற்றி முடித்த பிறகு சொன்னாய். மரியாதையாகத்தான் சொன்னாய். அவன் பெல்ட்டை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னான். எடுத்தால் அடுத்தவர் சின்னத்தைத் திருடியதாகிவிடும், அதை விசாரிக்க அங்கே தனிக் கோர்ட்டே இருக்கிறது என்றாய்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? ஏறுடா."

அதற்குள் மழை பெய்து விட்டிருந்தது. "சாரம் காயட்டும்ங்க" என்றாய். நாற்காலியில் இருந்த அவன் அப்பா, சொன்னதைச் செய் என்றார். நீ ஏறினாய். கீழே சவுக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மான்தலையை இரும்பில் செய்து கேட்டில் பதித்திருக்கிறார்கள். பெல்ட் இல்லை. உன் அம்மாவிடம் குழாயடியில் ஊரார் கேட்கிறார்கள், மகன் எப்போதிருந்து குடித்தான் என்று.

இன்று காலை அந்தத் துண்டோடு போனேன். மகன் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தான். கம்பிகளுக்கு நடுவே நீட்டிக் காட்டினேன்.

"அவன் குடிக்கல. ஈரத்துல நாங்கதான் ஏத்துனோம்னு அவங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

துண்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பி வீட்டுக்குள் நடந்தான். நீட்டிய கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"வந்து சொல்லுங்க."