கிருஷ்ணவேணி வீட்டில் கை நனைக்காமல்

17-1-1984, செவ்வாய்
கல்லூரியில் என்னைவிட இளையவர் துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து என் வினாத்தாளைத் திருத்துகிறார். மறக்க மாட்டேன்.

வீட்டிலும் நிம்மதியில்லை. தை முடிவதற்குள் மகளுக்குக் கல்யாணம், காந்திமதி சொல்கிறாள்: "அத்தை வராம நான் மணையில ஒக்கார மாட்டேம்பா." அத்தை என்றால் என் தங்கை கிருஷ்ணவேணி. வக்கீல் மாப்பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுத்த பிறகு, மாமல்லபுரத்துச் சிற்பி சக்கரபாணியைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இப்போது நான் நேரில் போய் அழைக்க வேண்டுமாம்.

20-1
போகிறேன். தட்டை வைத்து அழைத்துவிட்டு வந்துவிடுவேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ராஜாமணியிடம் சொன்னேன், சிரிக்கிறாள். மனைவிக்கு என்ன சிரிப்பு?

22-1, ஞாயிறு
பல்லவர் துறைமுகத்தைப் பற்றி வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவள் இருக்கும் ஊர் என்பதால் போனதில்லை. தெருவெங்கும் உளிச் சத்தம். கோபமாக நடந்தவன், நின்று நின்று பார்த்தேன். பாதி கல்லுக்குள்ளேயே இருந்த ஒரு யானைக்குட்டியை விட்டு நகர மனமில்லை.

வயிறு நிறைந்திருந்தால் 'சாப்பிட்டாச்சு' என்று பொய்யில்லாமல் சொல்லலாம். கடலோரக் கீற்றுக் கொட்டகையில் நுழைந்து, கடைக்காரர் சின்னக்கண்ணுவிடம் சக்கரபாணி வீட்டுக்கு வழி கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல சாப்டுங்க சார், அப்பால வழி சொல்றேன்." வஞ்சிர மீன் குழம்பு, மாங்காய் போட்டது. மூன்று தரம் சோறு வாங்கினேன்.

"வாண்ணா" என்றாள் கிருஷ்ணவேணி. தட்டை நீட்டிக் கல்யாணத்துக்கு அழைத்தேன். சக்கரபாணி கல்தூசியைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார்.

"ஒரு வாய் சாப்ட்டுப் போண்ணா."

"ஆச்சு. சின்னக்கண்ணு கடையில."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சக்கரபாணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியது.

"கொழம்பு எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாத்தான்."

"நாந்தாண்ணா வெக்கிறேன். தெனம் இங்கேருந்துதான் அண்டாவுல போவுது."

மூணு தரம் சோறு வாங்கித் தின்னுட்டு நான் என்னத்தச் சொல்ல! காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

10-2
நேற்று கல்யாணம் நல்லபடி நடந்தது. கிருஷ்ணவேணியும் சக்கரபாணியும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். துறைத் தலைவர் இரண்டு தரம் பாயசம் கேட்டார். அதையும் மறக்க மாட்டேன்.

3-3, சனி
நாளை ராஜாமணியோடு மாமல்லபுரம். வழிக்கு இட்லி கட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வெறும் வயிறாகவே போகலாம் என்றேன்.