பரமத்தி வேலூரில் மைனஸ் நாற்பது

மே 12, திங்கள்
பெரியப்பாவின் ஹைப்ரிட் காரில் பேட்டரி விளக்கு எரிந்துவிட்டது, சர்வீஸ் சென்டரில் பேட்டரியையே மாற்றச் சொல்லிவிட்டார்கள், ஆனால் பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை, அதை நான் நிரூபிக்கப் போகிறேன்.

அக்னி வெயில். வாசலில் கால் வைக்க முடியவில்லை. காலேஜ் லீவு, நல்லதாய்ப் போயிற்று.

நிலவரம்: என் பேச்சைக் கேட்டுத்தான் பெ.பா. (பெரியப்பா) இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்தார். அவர் மகன் கதிரண்ணன், போர் போடும் ரிக் லாரி ஓட்டுகிறவன், டீசல்தான் என்று நின்றான். பெ.பா. என் பக்கம் நின்றார். இப்போது மனசு விட்டுப் போய், வண்டியை விற்க புரோக்கரை வரச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறார். வண்டி போனால் இந்த வீட்டில் என் பேச்சும் அதோடு போகும். மிக்ஸி வாங்கக்கூட என்னைக் கேட்க மாட்டார்கள்.

கதிரண்ணன்: "போன்ல வீடியோ பாத்து காரு வாங்கச் சொன்னா இப்புடித்தான். நாளைக்கு எனக்கு மூளை ஆபரேசனும் போன்ல பாத்தே பண்ணுவியா அம்மணி?"
"முடியாதுங்கண்ணா. தொறந்து பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காதுங்க."
பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செய்தது: பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வலையைச் சுத்தம் செய்தேன். தூசி, வெற்றிலைக் காம்பு, ஒரு சாக்லேட் தாள். ஸ்கேனரால் விளக்கை அணைத்துவிட்டு ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பும்போது மறுபடி எரிந்தது. சரி, முதல் யூகம் தப்பு. நாளைக்குப் பிடித்துவிடுவேன்.

மே 13, செவ்வாய்
வெயில் ஏறுவதற்குள், வண்டிக் கம்ப்யூட்டரைப் படித்துப் போனில் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. எல்லா சென்சாரும் ஏறக்குறைய ஒரே சூடு காட்ட வேண்டும்.
பேட்டரிக்குள் இருக்கும் மூன்றும்: 29, 29, 30.
பேட்டரிக்குப் போகும் காற்று: மைனஸ் 40.
ப.வேலூரில். மே மாதத்தில்.

இது குளிர் இல்லை. இந்த சென்சாரில் குளிரக் குளிர மின்தடை ஏறும். ஒயர் எங்காவது விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறும், கம்ப்யூட்டர் அதைப் பனி என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே பேட்டரி குற்றவாளி இல்லை. எங்கேயோ ஒரு இணைப்பு விட்டிருக்கிறது. அவ்வளவுதான் கேஸ்.

பெ.பா.விடம் போனைக் காட்டினேன்.
"மைனஸ்னா என்ன சாமி, கடனா?"
"இல்லீங்க பெரீப்பா. ஐஸை விட ஜில்லுன்னு இருக்குதுன்னு காட்டுதுங்க."
"அப்ப ஏசி நல்லாத்தான் வேலை செய்யுது போ."

ஹைப்ரிட் வண்டிக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் படம் போட்டேன். சேலத்து அண்ணா ஒருவர்: "சென்சாரை மாத்திடு தங்கச்சி." மாட்டேன். பார்க்காமல் மாற்றினால் சர்வீஸ் சென்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

மே 14, புதன்
பேட்டரி இருப்பது பின் சீட்டுக்கு அடியில், சீட்டைக் கழற்றினோம். போல்ட் இறுகிக் கிடந்தது. கதிரண்ணன்தான் கழற்றித் தந்தான், திட்டிக்கொண்டே. தந்துவிட்டு ரிக்குக்குக் கிளம்பினான்.

ஆரஞ்சு ஒயர் பக்கமே கை போகவில்லை. அது ஆளைக் கொல்லும் கரண்ட். இந்த சென்சார் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே, காற்றுக் குழாயில் இருக்கிறது. சின்னக் கரண்ட்தான். பிளக்கைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனையையும் துண்டுக் கம்பியால் சேர்த்தேன். தடையே இல்லாததால் போனில் மைனஸ் நாற்பது ஒரே தாவாகத் தாவி உச்சச் சூட்டுக்குப் போனது. ஒயர் சரி. கம்ப்யூட்டர் சரி. நான் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் வேலி தாண்டியது.

மிச்சம் பிளக்கும் சென்சாரும். டார்ச் அடித்தேன். பிளக்குக்குள் பச்சைக் களிம்பு.

தண்ணீர் எப்படி வந்தது? கண்ணாடி ஒழுகவில்லை. ஏசி ஒழுகவில்லை. சீட்டைப் புரட்டினேன், அடியில் நசநசவென்று ஈரம். முகர்ந்தேன். வெற்றிலை.

பெ.பா. கொடிக்காலில் பறித்த வெற்றிலையைக் கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி, பின் சீட்டில் வைத்துத்தான் சந்தைக்குப் போகிறார். வாடக்கூடாது என்று வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் வேறு தெளிப்பார்.

யாரிடமும் சொல்லவில்லை.

மே 15, வியாழன்
பழைய டூத் பிரஷ், காண்டாக்ட் ஸ்ப்ரே. களிம்பு போய்விட்டது. சென்சாரை உள்ளங்கையில் பொத்தி மீட்டர் வைத்தேன். கைச்சூட்டில் தடை இறங்கியது. அதற்கு உயிர் இருக்கிறது. மாட்டினேன். 33. அழகான 33. நாமக்கல் வரை போய்த் திரும்பினேன், விளக்கு வரவில்லை.

சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் சாக்கு மறுபடி சீட்டில் ஏறும், அடுத்த மாதம் வண்டி புரோக்கரிடம் போகும். காரணத்தைச் சொன்னால்? இந்த வண்டியே மோசம் என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கோபக்காரர் இல்லை. ரோசக்காரர். அதுதான் சிக்கல்.

மே 16, வெள்ளி
புரோக்கர் வந்தார். டீ. "ஹைப்ரிட்டுன்னா எடுக்க ஆளில்லீங்க" என்று ஆரம்பித்தார். கதிரண்ணன் தூணில் சாய்ந்து வேடிக்கை.

சொல்லிவிட்டேன். "வெளக்கு அணைஞ்சிருச்சுங்க பெரீப்பா. சாக்குக்குத் தெளிக்கிற தண்ணிதானுங்க கீழ எறங்கி ஒயரைத் தின்னிருக்குது." டூத் பிரஷை நீட்டினேன்.

முதலில் வாய் திறந்தது பெரியம்மாதான்: "சீட்டு நனையுதுங்கன்னு நாஞ் சொன்னப்ப, வெத்தலை வாடுனா நீயா விப்பேன்னீங்க."

பெ.பா. பிரஷில் இருந்த பச்சையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு புரோக்கரிடம், "டீ ஆறுதுங்க, குடிங்க. வண்டி குடுக்கறாப்புல இல்லீங்க. எங்க புள்ள பாத்துருச்சு."

கதிரண்ணன் தூணை விட்டு நிமிர்ந்தான்.

அப்புறம் என்னிடம், "வெத்தலைய எங்க சாமி வெக்கறது?"
"டிக்கியில பெரிய தட்டு போட்டு வெக்கலாமுங்க."
"தட்டு நீயே பாத்து வாங்கியா. நான் வாங்குனா அதுக்கும் ஒரு கொறை சொல்லுவே."

மே 17, சனி
குரூப்பில் போட வேண்டியது. பெ.பா. தன் பெயர் வேண்டாம் என்கிறார், பெரியம்மா கட்டாயம் போடச் சொல்கிறாள். போடவில்லை.

"ஹைப்ரிட் வைத்திருக்கும் தோட்டக்காரர்களே, பின் சீட்டில் என்ன ஏற்றுகிறீர்கள்? வெற்றிலையா, பூவா, பால் கேனா? கீழே எழுதுங்கள். சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் படம் அனுப்புங்கள். வண்டியை விற்பதற்கு முன்னால் அனுப்புங்கள்."