நேற்றைய எண்

அம்மாவுக்கு பிரஷர் பார்த்துவிட்டு நர்ஸ் கைப்பட்டையைப் பிரித்தாள். பர்ரென்ற அந்தச் சத்தத்தில் உன் நினைவு வந்தது. நினைவு வந்தது என்பதுகூடப் பொய்தான், உன்னை எப்போது மறந்தேன்?

சோற்றைக் கண்டாலே நீ பயந்த அந்த வருஷம், இது நோய் என்று முதலில் சொன்னவர் டாக்டரம்மாதான். நம் சனமோ நீ விரதம் இருப்பதாகப் பெருமைப்பட்டது. யார் வந்து "சாப்டாச்சுங்களா" என்று கேட்டாலும் "ஆச்சுங்க" என்பாய். அதற்கு மேல் கேட்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லையே. டாக்டரம்மா மட்டும் விடவில்லை. எடை பார்த்தால் போதாது, இதயம் என்ன பாடுபடுகிறது என்று தெரிய வேண்டும் என்று ரத்தம் எடுத்தார், ஈசிஜி எடுத்தார். தினமும் காலையில் உன் நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலையானது. ஓர் எண்ணைச் சொல்லி, அதற்குக் கீழே போனால் யோசிக்காமல் அன்றைக்கே கூட்டி வரச் சொன்னார்.

நான் கட்டிலருகே வந்தாலே "போலீஸ்காரி வந்துட்டா" என்று கையை நீட்டுவாய். எனக்கும் சிரிப்பு வரும்.

சித்தப்பா மகள் கல்யாணத்தன்று காலையிலும் எண்ணினேன். கீழே போயிருந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். நீ என் கையை விடவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு நான் ஆஸ்பத்திரில படுத்தா சனமெல்லாம் என்னன்னு கேக்கும்க்கா. நேத்து எழுதுனதையே எழுதிப்போடு. ஒரு நாளைக்குத்தான்."

பக்கத்து அறையில் அம்மா உன் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டேன்.

அவிநாசி மண்டபத்தில் ஆளாளுக்கு உன் கன்னத்தைத் தொட்டு, இளைத்ததில் அழகாகிவிட்டாய் என்றார்கள். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போன இடத்தில் விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா பீரோவைத் திறந்து அந்த நோட்டைக் காட்டுகிறாள். இன்று நர்ஸிடமும் காட்டினாள். "பெரியவ ஒரு நாளு உடாம எழுதுனாளுங்க. அவளால ஆனதையெல்லாம் பண்ணிப்போட்டா." உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரு மகளும் இல்லாமல் போவாள். சொல்லாமல் இருந்தால் இந்தப் பாராட்டுக்குள்ளேயே நான் கிடக்க வேண்டும்.

கடைசி இரண்டு வரியிலும் ஒரே எண். நர்ஸின் விரல் அங்கே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சாப்டாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க" என்று நோட்டை மூடிவைத்தாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, கண்ணு.