நான் கீழே இருந்தால் ஜெயிக்கிறார்கள்

ஜனவரி 9

பனியில் பஸ்ஸை டிப்போவிலிருந்து வெளியே எடுக்கவே பாடாய்ப் போயிற்று. களைத்துப்போய் வீடு வந்தால், என் நாற்காலியில் டென்னி. கொழுந்தனார் குதிக்கிறார்.

"அண்ணி! வான்ஸை வாங்கிட்டாங்க! ஏழு வருஷத்துக்கு!"

கோர்டெல் வான்ஸ் பெரிய பேஸ்பால் பந்துவீச்சாளர்தான். பழைய டீமோடு ஒப்பந்தம் முடிந்து, யார் அதிகம் தருகிறார்களோ அவர்களிடம் போகிறேன் என்று நின்றிருந்தார். எங்கள் டீம் அவருக்குக் கொட்டிய பணத்தில் இந்தப் பார்மா ஊர் முழுக்கப் புது ரோடு போட்டிருக்கலாம்.

"இப்பவே முப்பத்திநாலு வயசு. ஏழாவது வருஷம் அவர் பந்து போடுவாரா, பேத்திக்குத் தொட்டில் ஆட்டுவாரா?" என்றேன்.

"காசைக் கொட்டாம கோப்பை வராது அண்ணி. நாம பசங்கள வளர்க்கறோம், பணக்கார ஊருக்காரன் கொத்திக்கிட்டுப் போறான். இதானே நடக்குது?"

"கொத்திக்கிட்டுப் போனவன் வருஷா வருஷம் ஜெயிச்சானாடா? பாதி நாள் அவனும் நம்மள மாதிரி வாயில விரல வச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கான்? வாங்கினவங்கள வச்சு ஒரு ஆட்டம் ஜெயிக்கலாம். டீம் கட்டணும்னா வளர்க்கணும்."

என் வீட்டுக்காரர் ரே டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றார். கல்யாணமான நாளாக இதே வாக்கியம்தான்.

விவாகரத்து முடிந்து "ரெண்டே வாரம்" என்று நவம்பரில் வந்த டென்னி இன்னும் இங்கேதான். எங்கள் வீட்டுக்கும் ஒரு வீரர் ஒப்பந்தம் முடிந்து வந்து சேர்ந்திருக்கிறார். நல்லவேளை, இவருக்குச் சாப்பாடு மட்டும் போட்டால் போதும்.

ஏப்ரல் 4

சீசனின் முதல் ஆட்டம். பக்கத்து வீட்டு ஐரீனா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வதக்கிய வெங்காயமும் கொண்டுவந்தாள். நாலு ரன் பின்தங்கியிருந்தோம். பேஸ்மெண்டில் டிரையர் கத்தவே, துணி மடிக்க இறங்கினேன். மேலே திடீரென்று ஒரே ஆர்ப்பாட்டம், தரை அதிர்ந்தது. ஏற ஆரம்பித்தேன்.

"வராதீங்க அண்ணி! அங்கேயே இருங்க! நீங்க போனதும் அஞ்சு ரன்!"

சிரித்துக்கொண்டே மறுபடி இறங்கினேன். இதெல்லாம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஜெயிக்கும்போது உட்கார்ந்த இடம் மாறக் கூடாது, போட்ட சட்டையைத் துவைக்கக் கூடாது. என் அப்பா ஒரு வருஷம் முழுக்க ஒற்றைக் காலுறையோடு ஆட்டம் பார்த்தவர். மிச்ச ஆட்டத்துக்கும் டவல் மடித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தோம்.

ஏப்ரல் 6

மறுபடியும் கீழே. மறுபடியும் ஜெயித்தோம். என் நாற்காலியில் ஐரீனா.

ஏப்ரல் 19

இன்று மேலேயே இருந்தேன். தோற்றோம். டென்னி பேஸ்மெண்ட் கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுப் போனான்.

மே 11

ரேடியோவாவது கீழே எடுத்துப்போகிறேன் என்றேன். "முதல் நாள் ரேடியோ இருந்துச்சா? இல்லைல்ல? அப்ப வேண்டாம்" என்றான் டென்னி. போனும் மேலே மேஜை மேல் இருக்க வேண்டுமாம். முதல் நாள் அங்கேதான் இருந்ததாம்.

ரேயைப் பார்த்தேன். "ஒரு சீசன்தானே பெர்னி" என்றார்.

இப்போது காலடியை வைத்தே ஆட்டம் தெரிகிறது. டென்னி இரண்டு காலாலும் மிதித்தால் ரன். ரேயின் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டால் எதிராளி அடித்துவிட்டான். எல்லாம் ஓய்ந்துவிட்டால் எங்கள் ஆள் அவுட். இந்த டீமை நான் நினைவு தெரிந்த நாளாகப் பார்க்கிறேன். இந்த வருஷம் கேட்கத்தான் முடிகிறது, அதுவும் கூரை வழியாக.

ஜூன் 2

முதல் இடத்தில் இருக்கிறோம். வீட்டில் பெரிய மரியாதை எனக்கு. டென்னி கீழே ஒரு மெத்தை வைத்த ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

ஜூலை 8

பொறுக்க முடியவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் மேலே போனேன். வான்ஸ் பந்து வீசிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் முதல் தடவையாக அவர் வீசுவதைப் பார்க்கிறேன். ஒரு பந்து. அடுத்த பந்து போட்டதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

ஐரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். டென்னி என்னைப் பார்த்த பார்வை! நான்தான் அவர் கையை முறுக்கியது போல.

சொல்லியிருக்கலாம்: 'ஜனவரியிலேயே சொன்னேனே, முப்பத்திநாலு வயசு முழங்கைடா அது.' பேசாமல் படி இறங்கிவிட்டேன். வாஷிங் மெஷினில் சாய்ந்து அழுதேன். ஏன்? நான்தான் காரணமென்று நினைத்தேனா? என்னடி பெர்னி, உனக்குப் பைத்தியமா? ஒருத்தன் கை வலிக்கும் உன் காலுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா இறங்கினேனே. யாரும் சொல்லாமலே இறங்கினேனே. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

வான்ஸ் இல்லாமலே ஜெயிக்கிறோம். யாரால்? கீழ் டீம்களில் வருஷக்கணக்காக நாங்கள் வளர்த்த பையன்களால். முக்கியமாக வெஸ் டில்லர்ட். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கிற பந்துவீச்சாளன். அக்ரன் ஊர்க் கீழ் டீமில் ஆடிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும், முதலில் நேராகப் போடக்கூட வராது அவனுக்கு.

சாப்பிடும்போது சொன்னேன்: "பாத்தியா டென்னி? வாங்கின ஆள் கட்டுப் போட்டு உக்காந்திருக்கார். வளர்த்த பசங்க ஜெயிக்கறாங்க."

"பசங்களா? பேஸ்மெண்ட் அண்ணி, பேஸ்மெண்ட்!"

ரே, டென்னி, சாப்பிட வந்திருந்த ஐரீனா, மூவரும் சிரித்தார்கள். என் கட்சி ஜெயித்தாலும் நான்தான் தோற்கிறேன். சூப்பைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 20

பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி, "அவ்வளவு காசு வான்ஸுக்கு வேஸ்ட்" என்றாள். மற்றவள், "அவர் வந்த தைரியத்துலதாண்டி சின்னப் பசங்க பயப்படாம ஆடுறாங்க" என்றாள். இதை நான் யோசித்ததே இல்லை. "நீங்க என்ன சொல்றீங்க மேடம்? மேட்ச் பாக்கறீங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"பாக்கறதில்லை" என்றேன். அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன்.

செப்டம்பர் 14

மாமியார் கொடுமை என்று கதை கேட்டிருக்கிறேன். என்னைப் பூட்டி வைத்தவர்கள் யாருமில்லை. கதவு திறந்தே இருக்கிறது. ஏறி வர எனக்குக் கால் வரவில்லை. நான் வந்து, டீம் தோற்று, கோப்பைக்கான நாற்பது வருஷக் காத்திருப்பு என்னால் போயிற்று என்றால்? அவர்கள் என்னை மன்னிப்பது இருக்கட்டும், நான் என்னை மன்னிப்பேனா? ஆசைதான் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. டென்னி சும்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

ரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "மேல வா" என்று சொல்லியிருந்தால்...

அக்டோபர் 9

வான்ஸ் திரும்பி வந்துவிட்டார். ஜெயித்தோம். இறங்கினேன், ஏறினேன். கொழுக்கட்டை தீர்ந்திருந்தது.

அக்டோபர் 22

இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம்! தெரு முழுக்க ஹாரன் சத்தம். டென்னி ஓடிவந்து படியிலேயே என்னைக் கட்டிப்பிடித்தான். "அண்ணி, நீங்கதான் எங்க குலதெய்வம்!"

குலதெய்வத்துக்குக் கோயில் துணி துவைக்கிற அறை.

நவம்பர் 1

கடைசி ஆட்டம். ஜெயித்தவனுக்குக் கோப்பை. என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

ஒன்பதில் எட்டு இன்னிங்ஸும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வான்ஸ் பிரமாதமாக வீசுகிறார் என்பது மேலே ரேயின் நாற்காலி கிறீச்சிடாததிலேயே தெரிந்தது. பிறகு டென்னி கத்தினான்: "ரெண்டுக்கு ஒண்ணு, நாம முன்ன! இன்னும் மூணே அவுட்! டில்லர்ட் வர்றான்!"

டில்லர்ட். என் பையன்.

மடித்த டவல்களைக் கூடையில் அடுக்கினேன். எதற்கு அடுக்கினேன் என்று தெரியாது, கை தானாகச் செய்தது. அப்பா இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். நானும் பார்க்காமலே போக வேண்டுமா? என் வீட்டில், என் டிவியில்? கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"அண்ணி, வேண்டாம்! கால்ல விழறேன்!"

"விழுடா. விழுந்துட்டு தள்ளி உக்காரு."

ஐரீனா என் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். உட்கார்ந்தேன். டில்லர்டின் முகத்தில் வேர்வை. அக்ரனில் பார்த்ததைவிட எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான்! முதல் ஆள் அவுட். அடுத்தவன் அவுட். டென்னி உறைந்துபோய் நின்றான். மூன்றாமவன் அவுட்டாகாமல் தப்பி முதல் தளத்தில் போய் நின்றுவிட்டான். அதற்கடுத்தவன் அடித்த பந்து போனது, போய்க்கொண்டே இருந்தது, சுவரைத் தாண்டி விழுந்தது, அவர்களுக்கு இரண்டு ரன். எங்கள் டீம் அடிக்கும் முறை வந்தபோது ஒரு ரன்கூட வரவில்லை. முடிந்துவிட்டது.

வான்ஸைக் காட்டினார்கள். முழங்கையில் ஐஸ் கட்டியபடி எழுந்துபோய் டில்லர்டின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். வாங்கினவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நான் வளரப் பார்த்தவன்தான் கோட்டைவிட்டான். ஜனவரியில் பேசியதற்கெல்லாம் இதை வைத்துக்கொண்டு என்ன சொல்வேன்?

டென்னி திரும்பினான். கண்ணில் தண்ணீர். "ஒரே ஒரு இன்னிங்ஸ் அண்ணி. ஒண்ணே ஒண்ணு கீழ இருந்திருக்கக் கூடாதா? கெடுத்துட்டீங்களே!"

ஆமாம் என்று சொல்லப்போனேன். சத்தியமாகச் சொல்லப்போனேன்.

ரே எழுந்தார். "ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். டிவியை அணைத்தார்.

"அவ வீடுடா இது. வருஷம் பூரா அவளக் கீழ உக்கார வச்சுட்டு நாம மேல தின்னுக்கிட்டு இருந்திருக்கோம். எனக்கு வெக்கமா இருக்கு. நீ வேற இடம் பாத்துக்க."

ஐரீனா காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 2

லீவு போட்டுவிட்டேன். ஊரே துக்க வீடு.

நவம்பர் 15

டென்னி லேக்வுட்டில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டான். போகும்போது ஸ்டூலைத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். "மன்னிச்சிருங்க அண்ணி" என்றவன், கார் கதவைத் திறந்ததும் சேர்த்துக்கொண்டான்: "ஆனாலும் நீங்க கீழ இருந்திருந்தா..."

"போடா" என்றேன். கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

ஏப்ரல் 3

மறுபடி முதல் ஆட்டம். ரேயும் நானும் மட்டும். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, டில்லர்ட் வந்தான். சரியாக அந்த நேரம் டிரையர் கத்தியது. "நான் போறேன்" என்று ரே இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் முதல் ஆள் அவுட். துணி மடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஆள் அவுட்.

'அங்கேயே இருங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து படிக்கட்டுக்குப் போனேன்.

"துணி கிடக்கட்டும், மேல வாங்க. டில்லர்ட் போடுறான்."

தோளில் ஒரு காலுறையோடு ஏறி வந்தார். அடுத்த பந்து சுவரைத் தாண்டிப் போயிற்று. ஸ்கோர் சமம். ரே என்னைப் பார்த்தார், பிறகு பேஸ்மெண்ட் கதவைப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன்.