தொப்பூரிலிருந்து வந்த போன்

என் கண்ணே நிர்மலா,

இருபது வருடங்களாக உனக்கு ஒரு வரி எழுதத் துணியாத அம்மா எழுதுகிறேன். உன் தங்கை சுமதியின் மகள் யாழினி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீ போன பிறகு பிறந்தவள். சேலத்தில் கல்லூரி, விடுதி. உனக்குக் கல்லூரி கிடைத்த அதே ஊர்.

போன ஞாயிறு சித்தப்பா வந்தார். உன் அப்பாவின் நண்பரை நீங்கள் இருவரும் அப்படித்தானே அழைப்பீர்கள்? தலை முழுக்க நரைத்துவிட்டது. "பாப்பாவ நானே கார்ல கொண்டுபோய் வுட்டுடறனுங்க. யாரையும் நம்பற காலமா இது?" என்றார்.

சுமதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க கூடப் போனா எனக்குக் கவலையே இல்லீங்க சித்தப்பா."

உன்னை அவர் காரில் கல்லூரிக்கு அனுப்பிய அன்று நானும் இதைத்தான் சொன்னேன். அப்பா இல்லாத பெண்ணைத் தெரிந்தவர் கையில் ஒப்படைத்தால் நிம்மதி என்பது நம் பென்னாகரத்து நம்பிக்கை. பேருந்தில் இருக்கும் தெரியாதவர்களை நினைத்துத்தான் பயந்தேன்.

அன்று மதியம், வழியில் தொப்பூரில் ஏதோ ஒரு ஹோட்டலிலிருந்து ஒரு ரூபாய் போனில் அழைத்தாய். "அம்மா, இவருகூட நான் போவலம்மா. கார்ல கைய... நான் பஸ் புடிச்சு வூட்டுக்கே வந்துடறேன்."

கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கற்பித்த மரியாதையை உனக்கும் பிழையில்லாமல் கற்பித்தவள் நான். "பெரியவங்களப் பத்தி அப்படிப் பேசாத. மரியாதையாப் போய் கார்ல ஏறு" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

தர்மபுரி பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். சாலையைக் கடந்தாய். மலையிறங்கி வந்த லாரி நிற்கவில்லை.

"டீ குடிக்க எறங்குச்சு" என்று அவர் சொன்னதையே நானும் ஊருக்குச் சொன்னேன். உன் பெயரைக் காப்பதாக நினைத்தேன். யாரைக் காத்தேன், நிர்மலா? இன்றும் மதியத்தில் போன் அடித்தால் என் கை நீள்வதில்லை. அடித்து ஓயும்வரை நீ காத்திருப்பதுபோல் இருக்கும்.

போன ஞாயிறு சித்தப்பா காரில் கூப்பிட்டதும், "எனக்கு வேண்டாம். நான் பஸ்லயே போறேன்" என்றாள் யாழினி.

"பெரியவங்க முன்னாடி என்னடி வாயி?" என்று அதட்டினாள் சுமதி. அது என் குரல். அப்படியே என் குரல்.

நான் எழுந்து நின்றேன். "நிர்மலா டீ குடிக்க எறங்கலீங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கு போன்ல சொல்லிட்டுத்தான் ரோட்டத் தாண்டுனா."

"வயசாயிட்டா புத்தி இப்படித்தான் தடுமாறும்" என்று அவர் சுமதியைப் பார்த்துச் சிரித்தார். சுமதி சிரிக்கவில்லை. குடித்து முடிக்காத காபியை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார் போன பிறகு, "அக்கா சொன்னது இத்தன வருசமா உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்று தலையசைத்தேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. புதன்கிழமை மகளோடு பஸ்ஸில் சேலம் போய் விட்டுவிட்டு வந்தாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் யாழினி எப்போது அழைத்தாலும் எடுப்பேன். "எங்க இருக்க? அங்கயே இரு, நான் வரேன்" என்பேன். வேறெதுவும் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

போனை எடுத்தும் உன்னைக் கேளாத,
உன் அம்மா