சாவி தேடிய நேரம்

உன் சாவிக்கொத்து என் கைப்பையின் அடியில் கிடக்கிறது. கடற்காற்றில் துருப்பிடித்த மூன்று சாவிகளும் மடு மாதாவின் சின்னப் பதக்கமும். இன்று காலை குழந்தைக்குத் துவாய் தேடிக் கைவிட்டபோது அதுதான் முதலில் அகப்பட்டது. நீ போய் ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். கோவிக்காதே. என் மகளுக்குப் பத்து மாதம். அவள் தூங்கும் நேரம் மட்டும்தான் என் நேரம்.

இன்று உன் இடத்துக்கு ஆள் எடுக்கும் நேர்முகம். மூன்று முறை நானே தள்ளிப்போட்டேன். மழை என்றேன், தலையிடி என்றேன், பிள்ளைக்குச் சளி என்றேன். பள்ளிமுனையில் நண்டு உடைக்கவும் கருவாடு காயவைக்கவும் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக நாமிருவரும் தொடங்கிய பகல் காப்பகம் அல்லவா? செயலாளர் இல்லாமல் இனியும் நிர்வாக சபை கூட முடியாதாம்.

முதல் சபைக்கு ஆள் தேடிய நாள் நினைவிருக்கிறதா? ஓய்வுபெற்ற அரசாங்கக் கந்தோர் அதிகாரி ஒருவர் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு, சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் பன்னிரண்டு கேள்விகளைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். முதல் கேள்விக்கு நான் வாயெடுக்க முன்னரே, அழுதுகொண்டிருந்த பிள்ளையொன்றைத் தூக்கி அவர் மடியில் வைத்தாய்.

"ஐயா, இவனை ஒருக்காப் பிடியுங்கோ. அலுமாரிச் சாவியைக் காணேல்லை, தேடி எடுத்துக்கொண்டு வாறன்."

என்னையும் இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாய். சாவி உன் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பிள்ளை, இவன் என்னை நனைச்சுப்போட்டான்!"

"ஓம் ஐயா, எங்கட சபையில சேர்ந்தா அடிக்கடி நனையவேணும்!"

அவர் சிரித்துவிட்டார். சேர்ந்தும் விட்டார், இன்று அவர்தான் தலைவர். நான்தான் உன்னோடு சண்டை பிடித்தேன், "இது நேர்முகமோ, கூத்தோ?" என்று.

"போடி விசரி. பேப்பரைப் பாத்தே எடுக்கிறதெண்டா ஆளை என்னத்துக்குக் கூப்பிடுவான்?"

அன்றிலிருந்து ஒவ்வொரு நேர்முகத்திலும் சாவி தொலைந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் வயிற்றில் கைவைத்து, "இவளையும் ஆரின்ரையாவது மடியில வைக்கத்தான் போறன்" என்றாய். "உன்ர மடியில மட்டும் வை" என்றேன்.

இன்று வந்தவர் பக்கத்துத் தாராபுரத்து ஆசிரியை ஒருவர். பன்னிரண்டு கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார். எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் அழத் தொடங்கினாள். நான் இவளை ஒருவரிடமும் கொடுப்பதில்லை, உனக்கு அது தெரியாது. என் அம்மாவே கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும். தலைவர் என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சாவி துலையேல்லையோ?"

சாவி தேடவேண்டும் என்று சொல்லி மகளை ஆசிரியையிடம் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் போனேன். பிள்ளை வீரிட்டுக் கத்தவேண்டும், இவர் சரிவரமாட்டார் என்று நான் சொல்லவேண்டும், உன் கதிரை அப்படியே கிடக்கவேண்டும். அதற்காகத்தான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"சேர், அந்த ஃபானைக் கொஞ்சம் குறையுங்கோ. பிள்ளைக்குச் சளி போல கிடக்கு."

அழுகை நின்றுபோனது. நீ இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. உள்ளே திரும்பிப் போக எனக்குக் கன நேரம் எடுத்தது. மகள் அவருடைய தோளில் வாய் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

"சாவி கிடைச்சுதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

கூட்டக் கொப்பியில் அவருடைய பெயரை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் உன் கதிரையில் அவர் இருப்பார். அலுமாரிக்குப் புதிதாக ஒரு சாவி வெட்டி அவருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கொத்து என் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.