நான் வண்டி ஓட்டவில்லை, அப்பா

மார்ச் 3

அன்பு மகள் வாலுவுக்கு,

இங்கே நான், அம்மா, பக்கத்து வீட்டுப் பூனை எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கல்லூரி விசாரணைக் குழு உன் போனை வாங்கி வைத்திருப்பதாக விடுதி வார்டன் சொன்னார். அதனால்தான் கடிதம். அவர் அறையிலிருந்து நீ பேசியதையெல்லாம் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நான் போனை வாங்கியதும் வைத்துவிட்டாய்.

எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். அந்தப் பிறந்தநாள் விருந்துக்கு யாரைக் கேட்டுப் போனாய்? எவ்வளவு குடித்தாய்? உள்ளறையில் போய்த் தனியாக ஏன் படுத்தாய்? தாழ்ப்பாள் போட்டாயா? அந்தப் பையனோடு முன்பே பழக்கமா?

விபத்தான வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். ஓட்டியவர் குடித்திருந்தால் ஒரு பைசா தேறாது. உன் விஷயத்திலும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். பெயர் கெடுவதுதான் மிச்சம். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அறைவரை போகக்கூடப் பொறுமையில்லாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். படித்து முடித்ததும் அங்கேயே பேனாவை எடுத்தேன்.

நான் வண்டி ஓட்டவில்லை, அப்பா. தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், குடித்தேன். மூன்று கோப்பை. தலை சுற்றியதால் போய்ப் படுத்தேன். அதற்கு மறுநாள் தலைவலியும் உங்கள் திட்டும் நியாயம். இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விழித்தபோது என் வகுப்பில் படிப்பவன் என் மேல் இருந்தான். வேண்டாம் என்றேன், தள்ளினேன். அவன் நிறுத்தவில்லை. அதற்கு மேல் உங்களுக்கு எழுத என்னால் முடியாது.

இங்கே அவனைப் பற்றி, "பாவம், போதையில தெரியாம பண்ணிட்டான்" என்கிறார்கள். என்னைப் பற்றி, "பொண்ணா இருந்துக்கிட்டு இவ ஏன் குடிச்சா?" என்கிறார்கள். ஒரே பாட்டில்தான், அப்பா. அவனுக்கு அது சாக்கு, எனக்குக் குற்றம்.

பதினெட்டாம் தேதி விசாரணை. வீட்டிலிருந்தோ தெரிந்தவர்களிலிருந்தோ ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். உங்களைக் கேட்கத்தான் அன்று போன் செய்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் பயந்து வைத்துவிட்டேன். இப்போதும் கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் வராவிட்டாலும் புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன்.

வாலு


மார்ச் 12

வாலுக்கண்ணு,

உன் கடிதத்துக்கு வரிக்கு வரி பதில் எழுதி, தபாலில் போட ஆபீசுக்கு எடுத்துப் போயிருந்தேன். என் பக்கம்தான் நியாயம் என்று அப்போதும் நினைப்பு. மதியம் சாப்பிடும்போது உன் கல்லூரிப் பேச்சு வந்தது. அங்கே நடந்ததை யாரோ எங்கேயோ படித்திருக்கிறார்கள். அதில் உன் பெயர் இல்லை. "இவ எதுக்கு அங்க போனா? எவ்வளவு குடிச்சாளோ!" என்றார் காசாளர். எல்லோரும் சிரித்தார்கள். நான் உனக்கு எழுதியதை அவர் அப்படியே ஒப்பிப்பது போல இருந்தது.

எழுந்து நின்று, "அது என் பொண்ணு" என்றேன்.

காசாளர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அதைத் தொடவில்லை. கழிவறைக்குப் போய் அழுதேன். அந்தப் பதிலையும் அங்கேயே கிழித்துப் போட்டேன். அம்மாவிடம் சொல்லாதே. புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி உனக்கு எழுதியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிகிறது.

கேட்க வேண்டியதை விட்டுவிட்டு என்னென்னவோ கேட்டேன். எங்கேயாவது வலிக்கிறதா அம்மா? தூக்கம் வருகிறதா? டாக்டரைப் பார்த்தாயா? தப்பு உன்மேல் இல்லை. பதினேழாம் தேதி ரயிலில் வருகிறேன்.

அப்பா


மார்ச் 21

அன்பு அப்பா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அம்மா பேச ஆரம்பித்துவிட்டாளா?

உங்களுக்கு அங்கே பேச அனுமதியில்லை என்று அத்தனை தடவை சொன்னார்கள். ஆனால் குழுத் தலைவி "எவ்வளவு குடிச்சிருந்தீங்க?" என்று கேட்டதும் நீங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டீர்களே, அந்தச் சத்தத்தில் அறையே திடுக்கிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், "மூணு கோப்பை. வேண்டாம்னு சொன்னதும் நல்லா ஞாபகமிருக்கு" என்று சொல்ல முடிந்தது.

முடிவு வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை அவன் வகுப்புக்கு வரக்கூடாதாம். நேற்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் எழுந்து வேறு இடம் போனார்கள். ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கம் இன்னும் சரியில்லை. மனநல ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம். நேற்று மாலை ஜூனியர் பெண் ஒருத்தி என் கதவைத் தட்டினாள். போன வருஷம் அவளுக்கும் நடந்திருக்கிறது, வேறொருவனால். இப்போது புகார் கொடுக்கப் போகிறாளாம். வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று பயம். வெகுநேரம் தயங்கிவிட்டு, "அக்கா, உங்க அப்பா எனக்கும் வந்து பக்கத்துல உட்காருவாங்களா?" என்று கேட்டாள்.

உங்களைக் கேட்காமலேயே, வருவார் என்று சொல்லிவிட்டேன். லீவு சொல்லி வையுங்கள்.

உங்கள்
வாலு